துணையற்ற தாயும் தோன்றாத் துணையும்

நோய் என்பது உடம்பெடுத்த உயிர்களுக்கெல்லாம் பொது. அரசனுக்கும் வரும், ஆண்டிக்கும் வரும். ஆயினும், நோய் ஒன்றேயாக, அது புகும் இல்லத்தின் நிலைக்கேற்ப அதன் சுமை வேறுபடுகின்றது. கணவனும் மனைவியும் ஒருங்கு வாழும் இல்லத்தில் ஒருவர் பாயிற் கிடப்பின், மற்றவர் அடுப்பெரிப்பர், குழந்தைக்குச் சோறூட்டுவர், மருந்து வாங்கி வருவர். கணவனை இழந்தோ, அவனாற் கைவிடப்பட்டோ, தனித்து நின்று இளங்குழந்தை ஒன்றை வளர்க்கும் தாய்க்கு நோய் வருமாயின், அவ்வில்லத்தில் நோயாளியும் அவளே. நோயாளிக்குப் பணிவிடை செய்ய வேண்டியவளும் அவளே. சுரம் மிகுந்து கண் இருண்டு வரும் பொழுதிலும், ‘அம்மா, பசி’ என்னுங் குரல் காதில் விழுந்தால் அவள் எழுந்தாக வேண்டும். மனைவியை இழந்து மகவை வளர்க்கும் தந்தைக்கும் இஃது ஒக்கும். தாயை முன்னிட்டுக் கூறுவனவற்றை அவர்க்கும் கொள்க.

உடலின் வருத்தம் ஒருபாலாக, உள்ளத்தின் வருத்தம் அதனினும் பெரிது. ‘எனக்கு ஒன்று நேர்ந்தால் இப்பிள்ளைக்கு யார்?’ என்னும் வினா பகலிற் பணிகளுக்கிடையே மறைந்திருந்து, இரவிற் குழந்தை உறங்கிய பின் தலையெடுக்கின்றது. அவ்வினாவோடு, சமயநூற் பயிற்சி சிறிதுடைய தாய்க்கு வேறு மூன்று ஐயங்களும் எழுகின்றன. நோய் வினைப்பயனாயின் அதனை மருந்தால் விலக்க முயல்வது தகுமோ என்பது ஒன்று. குழந்தையைப் பற்றிய இத்துணைக் கவலை பாசமன்றோ, அதனை விடுவதன்றோ ஞானம் என்பது மற்றொன்று. பிறர்பால் உதவி கேட்பதும், தனக்குப் பின் குழந்தைக்கு இன்னார் என ஏற்பாடு செய்து வைப்பதும் திருவருளில் நம்பிக்கையின்மையைக் காட்டாவோ என்பது இன்னொன்று. இம்மூன்றும் ஏட்டளவில் நிற்கும் ஐயங்கள் அல்ல. இவற்றுக்குத் தவறான விடை கொண்டால், ஓர் உயிர் காக்கப்படாமற் போம். ஒரு குழந்தை தாயை இழக்கும். ஆதலின் இவற்றைச் சித்தாந்த நெறி நின்று ஆராய்வது இன்றியமையாதது.

ஒரு நோயை எடுத்துக்காட்டாகக் கொள்வது பொருளை விளக்கும். முன்னோர் கயம் என்றும் என்புருக்கி என்றும் வழங்கிய காசநோய்க்குக் காரணமான கிருமியை, இராபர்ட்டு காக் என்னும் செருமானிய அறிஞர் 1882-ல் கண்டறிந்து வெளியிட்டார். நோயின் காரணம் தெரிந்தும், அதனைத் தீர்க்கும் மருந்து நெடுங்காலம் தெரிந்திலது. நல்ல காற்று, ஓய்வு, ஊட்டமுள்ள உணவு என்னும் மூன்றுமே மருந்தாயின. அவற்றைப் பெறும் பொருட்டு, நோயாளர் ஊருக்கு வெளியேயுள்ள சானடோரியங்களில் மாதக்கணக்காகத் தங்க வேண்டியிருந்தது. சென்னையை அடுத்த தாம்பரத்தில் 1928-ல் அத்தகைய நிலையம் ஒன்று தோன்றியது. இன்றும் அப்பகுதிக்குச் சானடோரியம் என்பதே பெயர். துணையுடையார் அங்குச் சென்று தங்கினர். துணையற்ற தாய் என் செய்வாள்? குழந்தையை எவரிடம் விட்டுச் செல்வாள்? ஆதலின் அவள் இருமலை முந்தானையால் அடக்கினாள். மெலிவுக்கு உண்ணாமையைக் காரணம் காட்டினாள். பிரிவுக்கு அஞ்சி நோயை மறைத்தாள். மறைத்த நோய் வளர்ந்தது. எந்தக் குழந்தையைப் பிரியலாகாது என்று மறைத்தாளோ, அந்தக் குழந்தைக்கே அது பரவவும் இடமாயிற்று.

1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசும், உலக சுகாதார நிறுவனமும், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கூடிச் சென்னையிற் காசநோய் மருத்துவ ஆராய்ச்சிக்கென ஒரு நிலையம் நிறுவின. அங்குள்ள அறிஞர், நகரத்தில் நெருக்கமான சிறு வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளரை இரு பகுதியினராகப் பிரித்து, ஒரு பகுதியினர்க்குச் சானடோரியத்திலும் மற்றொரு பகுதியினர்க்கு அவரவர் வீட்டிலும் ஒரே மருந்தை ஓராண்டு அளித்து வந்தனர். சானடோரியத்தில் இருந்தார்க்கு நல்லுணவும் ஓய்வும் பணிவிடையும் கிடைத்தன. வீட்டிலிருந்தார்க்கு அவை அவ்வளவாகக் கிடைத்தில. அங்ஙனமிருந்தும் இரு பகுதியினரும் ஏறக்குறைய ஒத்த அளவில் நலம் பெற்றனர் என்பது 1959-ல் வெளியிடப்பட்டது. நோயாளர் வீட்டிலேயே தங்கியதால் உடனுறைந்தார்க்குத் தொற்று மிகுந்ததாகவும் காணப்படவில்லை. மருந்தைத் தவறாது உண்பதே தலையாயது என்பது புலனாயிற்று. உலகெங்கும் காசநோய் மருத்துவம் மருத்துவமனைக் கட்டிலை விட்டு வீட்டுத் திண்ணைக்கு வந்தமைக்குத் தமிழகத்தில் நிகழ்ந்த இவ்வாராய்ச்சி ஒரு பெருங்காரணம்.

இன்று அந்நோய்க்குப் பெரும்பாலும் ஆறு திங்கள் மருந்துண்டல் போதும். அரசு மருத்துவமனைகளில் அது விலையின்றி வழங்கப்படுகின்றது. மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே பிறர்க்குப் பரவும் தன்மை பெரிதும் குறைந்துவிடுகின்றது. இளங்குழந்தையை மருத்துவர் ஆராய்ந்து, நோய் வருமுன் காக்கும் மருந்து கொடுப்பதும் உண்டு. தாயைக் குழந்தையினின்றும் மாதக்கணக்காகப் பிரித்த காரணம் நீங்கிற்று. ஆயினும் நோயை மறைக்கும் வழக்கம் முற்றும் நீங்கவில்லை. முன்னாளில் அவள் அஞ்சியது பிரிவை. இந்நாளில் அஞ்சுவது அயலார் நாவை. ‘முன்வினை’ என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு வாயிற்படியிலிருந்தே திரும்பிச் செல்வார் இருக்கும் வரையில், மருந்து கைக்கெட்டிய நாளிலும் அவள் மறைக்கவே செய்வாள். ஆகவே முதலில் வினை என்பதன் பொருளைத் தெளிதல் வேண்டும்.

சைவ சித்தாந்தம் வினையுண்மையை ஐயமின்றி உடன்படுகின்றது. பல பிறவிகளில் ஈட்டிக் கிடப்பது சஞ்சிதம். அதனுள் இவ்வுடம்பு கொண்டு நுகர்தற்கு வந்தது பிராரத்தம். நுகரும்பொழுதே புதிதாக ஏறுவது ஆகாமியம். நோயும் நலமும் பிராரத்தத்தின் வழி வருவன. இவ்வளவில் நின்று விடுவோர், ‘நுகர்ந்தே தீர வேண்டியதற்கு மருந்து எதற்கு?’ என்பர். அவர் அறியாதது ஒன்றுண்டு. வினை சடம். அது தானே சென்று உயிரைப் பற்றமாட்டாது. அதனை உயிருக்குக் கூட்டுவிப்பவன் இறைவன். அவன் கூட்டுவிப்பதும் பழிவாங்கும் பொருட்டன்று. ஆணவ மலத்தின் வலி கெட்டு உயிர் பக்குவம் எய்தும் பொருட்டேயாம். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் இதற்கு மருத்துவனையே உவமையாகக் காட்டினார். சில நோயை அறுத்தும் சில நோயை இனிய மருந்து கொடுத்தும் தீர்க்கும் மருத்துவனைப் போல, இறைவனும் துன்பத்தையும் இன்பத்தையும் ஊட்டி வினையைக் கழிக்கின்றான் என்பது அங்குப் பெறப்படும் கருத்து. இறைவனையே மருத்துவனாகக் கண்ட சமயம், மருத்துவத்தை வெறுக்குமாறு யாங்ஙனம்? புள்ளிருக்குவேளூரில் எழுந்தருளிய பெருமானுக்கு வைத்தியநாதன் என்னுந் திருப்பெயர் வழங்குவதும் இதனை வலியுறுத்தும்.

அற்றேல், வினைப்பயனை விலக்க முயல்வது இறைவன் ஆணையைக் கடப்பதாகாதோ எனின், ஆகாது. நோய் திருவருளின் வழி வந்ததாயின், மருந்தும், மருத்துவனும், ‘மருந்துண்போம்’ என்று எழும் எண்ணமும் அத்திருவருளின் வழி வந்தனவே. ஒன்றை மட்டும் இறைவன் தந்தது என்று கொண்டு மற்றொன்றைத் தள்ளுதல் நடுவுநிலையன்று. திருஞானசம்பந்தர் கொடிமாடச்செங்குன்றூரில் எழுந்தருளியிருந்த காலத்து, உடன்வந்த அடியார்களைக் குளிர்சுரம் வருத்திற்று. ‘இந்நாட்டின் இயல்பு இது, நுகர்ந்து கழிக்க’ என்று பிள்ளையார் வாளாவிருந்தாரல்லர். திருநீலகண்டத் திருப்பதிகம் அருளிச்செய்து, அச்சுரம் அடியாரையேயன்றி அந்நாட்டையும் தீண்டாதவாறு நீக்கியருளினார். வினையை அறிந்தோர் அதனினின்றும் பிழைக்கும் நெறியைத் தேடாதிருத்தல் அவர்க்கு ஒரு குறையே என்னுங் கருத்தும் அப்பதிகத்தின் தொடக்கத்திலேயே அமைந்துள்ளது. வினைக்கொள்கை சோம்பியிருத்தற்கு ஏணியன்று என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

இன்னும் ஒன்று. ஒருவர் வந்த நோயைத் தம் வினையென்று தாமே எண்ணிப் பொறுத்தல் ஞானத்துக்கு உதவும். அதனையே அயலார் அவரை நோக்கிச் சொல்லின், அது கொடுமையாம். பிறர் வினையின் அளவை அறிவான் முற்றறிவுடைய இறைவன் ஒருவனே. இப்பிறவியில் நேற்று நிகழ்ந்ததை இன்று மறக்கும் சிற்றறிவினன், பிறர் பல பிறவியிற் செய்ததைக் கண்டான் போலப் பேசுதல் நகைப்புக்கிடமாம். மேலும், அவள் நுகர்வது பிராரத்தமாயின், அவளைக் கண்டு உதவாது செல்வான் அக்கணத்தில் தனக்கு ஈட்டிக்கொள்வது ஆகாமியம். அவள் கணக்கு கழிகின்றது. அவன் கணக்கு ஏறுகின்றது.

இனி, குழந்தையைப் பற்றிய கவலை பாசமாமோ என்பதை ஆராய்தல் வேண்டும். இதற்கு விடை திருவாமூரிற் கிடைக்கின்றது. புகழனாரை ஒரு கொடிய நோய் கொண்டுசென்றது. மாதினியார் கணவனாரைப் பிரிந்து வாழாது உடன்சென்றார். திலகவதியாரும் மருணீக்கியாரும் தனித்து நின்றனர். திலகவதியாரை மணத்தற்கு இசைந்திருந்த கலிப்பகையாரும் போர்க்களத்தில் உயிர் நீத்தார். அச்செய்தி கேட்ட அம்மையார் தாமும் உயிர்விடத் துணிந்தபோது, இளந்தம்பியார் காலில் விழுந்து அழுது தடுத்தார். அம்மையார் தம் துணிவைக் கைவிட்டு, தம்பியார் வாழ வேண்டும் என்பதற்காகவே உயிர் தாங்கினார் என்று சேக்கிழார் பெருமான் கூறுகின்றார். உலகப் பற்று அனைத்தையும் துறந்த அம்மையாரைத் தம்பியார்மேல் வைத்த அருள் உடம்பில் நிறுத்தியது. அதனைப் பாசம் என்று எவரேனும் இகழ்வரோ? அவர் உயிர் தாங்கினமையாலன்றோ, பின்னாளிற் சூலைநோயால் வருந்திய தம்பியார் திரும்பி வருதற்கு ஓர் இல்லம் இருந்தது. திருநீறு கொடுத்து ஐந்தெழுத்தோதித் திருவதிகைத் திருக்கோயிலுக்கு அழைத்துச் செல்லும் ஒரு கை இருந்தது. சைவத்துக்கு ஒரு நாவுக்கரசர் கிடைத்தார்.

ஆகவே பாசம் வேறு, அன்பு வேறு. இரண்டும் ஒரே கண்ணீரை உகுத்தலின் வேறுபாடு எளிதிற் புலப்படுவதில்லை. ‘இக்குழந்தை என்னுடையது, என்னையன்றி இதற்கு வேறு கதியில்லை, என் கையால் ஊட்டினாலன்றி இது உண்ணாது’ என்பது ஆணவம், அன்பின் ஆடையை உடுத்து நின்று பேசுவது. ‘இவ்வுயிர் இறைவனுக்கு உரியது, வளர்க்கும் பணி என்பால் ஒப்புவிக்கப்பட்டது, அப்பணி நன்கு நடைபெற வேண்டும், யார் கையால் நடைபெறினும் நன்று’ என்பது அன்பு. செல்வர் வீட்டுச் செவிலி குழந்தையைத் தன் உயிரினும் மேலாகப் பேணுகின்றாள். ஆயினும் அது தன் தலைவியின் குழந்தை என்பதை ஒருபொழுதும் மறவாள். பெற்ற தாயும் இறைவன் திருமுன்னர்ச் செவிலியே. இவ்வுண்மை அவள் அன்பைக் குறைப்பதன்று. அவள் தோளிற் கிடக்கும் சுமையைக் குறைப்பது.

இது தெளிந்தால், உடம்பைப் பேணுதல் பற்றிய மயக்கமும் தானே நீங்கும். தனித்த தாய் பெரும்பாலும் தன் மருந்துக்குரிய பணத்தைக் குழந்தையின் பாலுக்கு ஆக்குகின்றாள். மருத்துவரைக் காண வேண்டிய நாளில் வேலைக்குச் செல்கின்றாள். தன் பசியைக் கணக்கில் வையாள். தியாகம் என்று உலகம் அதனைப் புகழ்கின்றது. உழவன் விதைநெல்லை உண்டுவிடாமற் காப்பது தன்னலத்துக்கன்று. அடுத்த விளைவுக்கு அதுவே முதல் என்பதால். அவ்வாறே அவள் உடம்பு அக்குழந்தையின் வாழ்வுக்கு முதல். அதனைக் கெடவிட்டுக் குழந்தையை வளர்ப்பேன் என்பது இயலாத செயல். மருந்தை வேளை தவறாது உண்டலும், ஓய்வு கிடைத்த பொழுதிற் படுத்தலும் அவளுக்குக் குழந்தைப் பணியின் பகுதிகளே. நீராடி அமர்ந்து பூசை செய்ய இயலவில்லையே என்றும் அவள் வருந்த வேண்டுவதில்லை. நெற்றியில் நீறும், நெஞ்சில் ஐந்தெழுத்தும் கிடந்த பாயிலேயே அமையும். குழந்தைக்கு அவள் ஊட்டும் ஒரு கவளத்தை இறைவன் தனக்கு இட்ட நிவேதனமாகவே ஏற்பான்.

மூன்றாவது ஐயம் பிறர் உதவியைப் பற்றியது. திருச்சிராப்பள்ளிப் பெருமானுக்குத் தாயுமானவர் என்னுந் திருப்பெயர் வந்த வரலாற்றைச் செவ்வந்திப் புராணம் கூறும். கருவுற்ற ஒரு வணிகப் பெண்ணுக்குப் பேறுகாலம் நெருங்கிற்று. துணைக்கு வர வேண்டிய தாய் காவிரியிற் பெருகிய வெள்ளத்தால் அக்கரையில் நின்றுவிட்டாள். தனித்துக் கலங்கிய அப்பெண்ணின் முன் பெருமான் தாயின் வடிவிலேயே வந்து, பேறுகாலத்துக்கு வேண்டிய பணியெல்லாம் செய்தான். வெள்ளம் வடிந்து மெய்த்தாய் வந்த பின்னரே, வந்திருந்தவன் இறைவன் என்பது தெரிந்தது. இங்கு ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. எல்லாம் வல்ல இறைவனுக்கு ஒரு நொடியிற் காவிரி வெள்ளத்தை வடியச் செய்தல் அரிதன்று. துணையே வேண்டாதவாறு நோவை நீக்குதலும் அரிதன்று. அவன் அவ்வாறு செய்திலன். ஒரு பெண்ணாக வந்து, கையாற் செய்யும் பணியைக் கையாலேயே செய்தான். துணையற்றார்க்கு அருள் பணிவிடையின் வடிவில் வரும் என்பதே இதனாற் போதரும் உண்மை.

திருவிளையாடற் புராணத்தில் மாமனாக வந்து வழக்குரைத்த படலமும் இக்கருத்தையே வேறு வகையில் விளக்கும். தனபதி என்னும் வணிகன் மகப்பேறின்மையால் தங்கையின் மகனைத் தன் மகனாகக் கொண்டு, பொருளனைத்தையும் அவனுக்கு ஆக்கிவிட்டுத் தவஞ்செய்யச் சென்றான். தாயத்தார் அப்பொருளைக் கவர்ந்தனர். இளஞ்சிறுவனும் தாயும் வேறு பற்றுக்கோடின்றிச் சோமசுந்தரப் பெருமான் திருமுன் முறையிட்டனர். பெருமான் தனபதியின் வடிவங்கொண்டு வழக்கு மன்றத்துக்கு வந்து, சுற்றத்தாரின் பெயர்களையும் அணிகலன்களையும் எடுத்துரைத்து, சான்று காட்டி, பொருளை மீட்டுக் கொடுத்தான். பகைவர் மனத்தைத் திருப்பிவிடாது, வழக்குரைக்கும் முறை வழுவாது நின்று உரைத்தான் என்பது கருதத்தக்கது. தனித்த தாயின் குழந்தைக்கு உரிமையை உறுதிசெய்தல் இறைவனே மேற்கொண்டருளிய பணியாயின், அதனைத் தாய் முன்கூட்டிச் செய்து வைத்தல் எங்ஙனம் நம்பிக்கையின்மையாகும்?

1956-ல் இயற்றப்பட்ட இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், கணவனை இழந்த தாய் தன் இளங்குழந்தைக்குத் தனக்குப்பின் காப்பாளர் இன்னார் என்று உயில் வாயிலாகக் குறிப்பிட இடந்தருகின்றது. தந்தை உயிரோடிருந்தும் குழந்தையைப் பேணாது விலகியிருப்பின், தாயே இயற்கைக் காப்பாளராதல் கூடும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1999-ல் விளக்கம் அளித்தது. நோயுற்ற தாய் பலர் இவ்வேற்பாட்டை அமங்கலமெனக் கருதித் தள்ளிவைக்கின்றனர். ‘எழுதினால் நடந்துவிடும்’ என்பது அச்சமேயன்றி அறிவன்று. வீட்டுக்குக் கதவு செய்தோர் எல்லாரும் கள்வரை அழைத்தவர் ஆகார். நல்லுறவினர் ஒருவரையோ, உறவினும் நெருங்கிய நட்பினர் ஒருவரையோ கண்டு, அவர் இசைவு பெற்று, முறைப்படி எழுதி வைத்துவிட்டால், இரவில் எழும் அவ்வினாவுக்குப் பாதி விடை கிடைத்துவிடும். எஞ்சிய பாதியை இறைவன்பால் ஒப்புவித்து அவள் உறங்கலாம்.

இதனோடு தொடர்புடைய நுண்ணிய கடமை ஒன்றுண்டு: நோயைப் பற்றிக் குழந்தைக்கு என்ன சொல்வது என்பது. முழுவதும் மறைத்துவிடுவார் சிலர். தம் அச்சமனைத்தையும் குழந்தையின் தலையிற் கொட்டுவார் சிலர். இரண்டும் தவறு. இதற்கு இறைவன் செய்யும் மறைத்தல் தொழிலே வழிகாட்டியாம். ஐந்தொழிலுள் ஒன்றாகிய மறைத்தல், பெயரளவில் மறைப்பாயினும் உண்மையில் அருளே என்று சித்தாந்தம் கூறும். உயிரின் பக்குவம் நோக்கி, தாங்குமளவு காட்டி, தாங்கலாகாததை மறைத்து, முதிர்ச்சி வந்தவழி விளக்குதல் திரோதான சத்தியின் செயல். இம்மறைப்பிற் பொய் இல்லை. அவ்வாறே தாயும், ‘அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, மருத்துவர் மருந்து கொடுத்திருக்கிறார், சில நாள் அம்மா படுத்திருப்பாள், அப்பொழுது அடுத்த வீட்டுப் பாட்டி உனக்குச் சோறு தருவாள்’ என்ற அளவில் உண்மையைச் சொல்லலாம். இன்னும் ஒன்றைத் தவறாது சொல்ல வேண்டும்: ‘இது உன்னால் வந்ததன்று’ என்பதே அது. காரணம் தெரியாத குழந்தை, தான் செய்த குறும்பாலேயே அம்மாவுக்கு நோய் வந்தது என்று தனக்குள் எண்ணிக்கொள்வது இயல்பு. சொல்லப்படாத அவ்வெண்ணம் சொல்லப்பட்ட உண்மையினும் கொடிது.

இதுகாறும் தாயின் கடமை கூறப்பட்டது. சுற்றியிருப்பார் கடமை அதனினும் மிகுதியாம். உதவி கேட்கும்படி அவளை நிறுத்துதலே ஒரு துன்பம். ‘ஏதேனும் வேண்டுமாயின் சொல்’ என்று கூறிச் செல்வது எளிது. கேட்கும் பொறுப்பு அதனால் அவள் தலையிலேயே ஏறுகின்றது. வேண்டுவது இன்னது என்று கண்டு செய்தலே உதவியாவது. காலையிற் குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லலாம். ஒருவேளைக் கஞ்சி கொண்டுவந்து வைக்கலாம். மருத்துவமனைக்குச் செல்லும் நாளிற் குழந்தையோடு இருக்கலாம். மருந்துச்சீட்டைப் படித்து வேளை சொல்லலாம். குழந்தை கேட்கும் இடத்தில் நோயைப் பற்றிய பேச்சை ஒழிக்கலாம். இவற்றில் எதற்கும் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. அடியாரைச் சிவமெனக் கண்டு அமுதளித்தல் மாகேசுர பூசை என்று சைவர் போற்றுவர். நீறணிந்த கூட்டத்தார்க்குப் பந்தியிட்டு மகிழ்வார், அத்தெருவின் கடைசி வீட்டிற் கிடக்கும் ஒரு தாய்க்கும் மகவுக்கும் ஓர் இலை அனுப்புதலும் அப்பூசையே என்று கொள்வாராக. அங்ஙனம் உதவுவார், தாம் கொடுப்பவர் என்னும் செருக்கையும் விடுதல் வேண்டும். தாயுமானவன் மேற்கொண்ட பணியிற் சிறிது தமக்கும் கிடைத்தது என்று மகிழ்தலே முறை. ஏற்பவளும், இரந்து பெற்றேன் என்று கூசாது, இறைவன் அனுப்பியது வந்தது என்று ஏற்பாளாக. இவ்வாறு கொள்ளின், கொடுப்பாரிடத்து ‘யான் கொடுத்தேன்’ என்பதும், கொள்வாரிடத்து ‘யான் தாழ்ந்தேன்’ என்பதும் ஒருங்கே ஒழியும். இரண்டும் ஆணவத்தின் இருமுகங்களே.

இத்துணையும் கூறியும், கூறாது விடலாகாத வினா ஒன்று எஞ்சுகின்றது. மருந்துண்டும், வழிபட்டும், துணை பெற்றும் அத்தாய் பிழையாது போவாளாயின் என்னை? திருவருளை நம்பினார்க்கு நோய் தீர்ந்தேவிடும் என்று கூறி ஆற்றுதல் எளிது, அது மெய்யன்று. புகழனார் சிவநெறியிற் சிறந்தவர்; அவரையும் நோய் கொண்டது. உடம்பு என்றாவது வீழும் என்பது சித்தாந்தத்துக்குப் புதியதன்று. எனினும், ‘என்னையன்றி யாருமில்லை’ என்னும் அத்தாயின் கூற்று மெய்யன்று என்பதையும் அத்திருவாமூரே காட்டுகின்றது. அங்குத் தாய் தந்தை இருவரையும் இழந்த சிறுவர்க்குத் தமக்கையின் கை இருந்தது. அக்கையை அங்கு நிறுத்தியவன் ஒருவன் இருந்தான். அச்சிறுவரே வளர்ந்து நாவுக்கரசராகி, கல்லோடு கட்டிக் கடலில் இடப்பட்டபோது, அக்கல்லே தெப்பமாகக் கரையேறிய இடம் திருப்பாதிரிப்புலியூர். அங்கு எழுந்தருளிய பெருமானுக்குத் தோன்றாத்துணைநாதர் என்னுந் திருப்பெயரும் வழங்குகின்றது.

துணை தோன்றாமையும் துணை இன்மையும் ஒன்றல்ல. தனித்த தாயின் கண்ணுக்கு அத்துணை தோன்றாமல் இருக்கலாம். அஃது அவளுக்குத் தோன்றும் வடிவம் மருத்துவர் கொடுக்கும் மாத்திரையாகவும், அடுத்த வீட்டார் கொண்டுவரும் கஞ்சியாகவும், குழந்தையின் கையைப் பிடித்துப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் ஒரு கையாகவுமே இருக்கும். அவ்வடிவை அவளுக்குக் காட்டுதலும் மறைத்தலும் அயலிலிருப்பார் செயலைப் பொறுத்தன. ஆதலின் சைவ நன்மக்கள் ஒவ்வொருவரும் தம் ஊரில், தம் தெருவில் அத்தகைய இல்லம் உளதோ என்று இன்றே நோக்குவாராக. உளதாயின், வினையைப் பற்றிய பேச்சை வாயிற்படிக்கு வெளியே விட்டு, உள்ளே செல்வாராக.

சிவம்.